சட்டம் படிக்க எந்த வாசல்? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினால், தென்பெண்ணையைத் தாண்டிய சற்று நேரத்தில் எல்லை வந்துவிடும். முள்ளோடை, கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் என்று நிறுத்தங்கள் வர வர, தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி எட்டிப் பார்க்கும். வெளியூர்க்காரர் மதுக்கடைப் பலகையை வைத்துத்தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பார். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் நிலம், பெண் கொடுத்தது இரண்டு பக்கமும். பிளஸ் டூ முடித்த பிள்ளை சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட உட்காரும் நாளில்தான் அந்தக் கோடு பெரிதாகிறது. குடும்ப அட்டை எந்தப் பக்கத்தது, பள்ளி எந்தப் பக்கத்தது, சாதிச் சான்றில் யார் கையெழுத்து என்பதை வைத்தே எந்தக் கல்லூரி திறக்கும் என்பது முடிவாகிறது.

வேடிக்கை என்னவென்றால், படித்து முடித்தபின் அந்தக் கோடு அழிந்துவிடும். புதுச்சேரியின் காலாப்பட்டில் சட்டம் படித்தவரும் தமிழ்நாட்டின் விழுப்புரத்தில் படித்தவரும் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் என்ற ஒரே அமைப்பில். இரண்டு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். புதுச்சேரியின் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகமே கடலூர் சாலையில்தான் நிற்கிறது. ஆகவே கல்லூரிப் பெயரைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், எந்தப் பட்டம் வழக்கறிஞர் ஆக்கும், அதற்கு எந்த வாசல் தனக்குத் திறந்திருக்கிறது, அது எந்த மாதத்தில் மூடும் என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பட்டம் கோட்டு போட வைக்கும்

வழக்கறிஞர் தொழில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. சட்டக் கல்விக்கான அளவுகோலை இந்திய பார் கவுன்சில் வகுக்கிறது. இப்போது நடப்பில் இருப்பவை 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள். அவை ஒப்புக்கொள்ளும் பாதைகள் இரண்டே. பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு: பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி., பி.பி.ஏ. எல்.எல்.பி. என்று முன்னால் ஒட்டும் பட்டம் மாறும். அல்லது ஏதாவதொரு இளங்கலைப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு எல்.எல்.பி. இரண்டுமே நேரில் வகுப்புக்குப் போய்ப் படிப்பவை. அஞ்சல் வழியிலோ வார இறுதி வகுப்பிலோ எல்.எல்.பி. தருவதாக யாராவது சொன்னால், அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது. பி.ஜி.எல். என்று அஞ்சல் வழியில் பலர் முடித்த பட்டம் உண்டு. அலுவலகத்தில் பதவி உயர்வுக்கோ பொது அறிவுக்கோ அது உதவலாம். வக்காலத்து தாக்கல் செய்ய உதவாது. பெயரில் ‘லா’ இருப்பதாலேயே ஏமாந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அறிவியல், வணிகவியல், கலை, தொழிற்பிரிவு எதுவாக இருந்தாலும் சரி. பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. இது வாசற்படி மட்டும். இடம் கிடைப்பது போட்டியைப் பொறுத்தது.

தகுதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பட்டமோ பிளஸ் டூவோ தொலைநிலையில் படித்தது என்பதற்காக யாரையும் ஒதுக்குவதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் இல்லாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து பட்டம் வாங்கியவரை விதி ஏற்பதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் முடித்து, நாற்பது வயதில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, அதன் அடியில் இருக்கும் படிகளையும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஐந்தா, மூன்றா

கணக்கு எளிது. ஐந்தாண்டுப் படிப்பு பிளஸ் டூவிலிருந்து ஐந்து ஆண்டில் முடியும். மற்றதில் பட்டத்துக்கு மூன்று, எல்.எல்.பி.க்கு மூன்று, மொத்தம் ஆறு. மிச்சமாவது ஓராண்டு. அந்த ஓராண்டுக்காகவே பெற்றோர் ஐந்தாண்டுப் படிப்பில் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அதன் விலையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: ஒருங்கிணைந்த படிப்பில் நடுவழியில் இறங்க முடியாது. மூன்று ஆண்டு படித்தாயிற்று, பி.ஏ. பட்டத்தையாவது கொடுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. விதி அதைத் தடுக்கிறது. ஏற்கெனவே பட்டம் வைத்திருக்கிறேன், நேரே மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதும் நடக்காது. நான்காம் ஆண்டில் வீட்டு நிலைமையால் படிப்பை விடுபவர் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

எனவே வக்கீல் ஆக வேண்டும் என்று தெளிவாக இருக்கிற பிள்ளைக்கு ஐந்தாண்டு நல்லது. வகுப்புத் தோழர்கள் அதே தொழிலுக்கு வருவார்கள், இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் அதிகம். “சும்மா ஒரு டிகிரி, பிடித்தால் லா” என்று இருப்பவருக்கு மூன்று கூட்டல் மூன்றுதான் பாதுகாப்பு. பி.காம். முடித்து வரி, கம்பெனி சட்டப் பக்கம் போக நினைப்பவருக்கும் தனித்தனியாகப் படிப்பது நஷ்டமில்லை. அறிவியல் பட்டத்தோடு எல்.எல்.பி. சேர்ந்தால் காப்புரிமைத் துறையில் மதிப்பு உண்டு என்பதையும் நம் பக்கத்தில் அதிகம் பேர் யோசிப்பதில்லை.

காலாப்பட்டு வாசல்

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாகப் போனால் காலாப்பட்டு. அங்கேதான் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 1972இல் தொடங்கியது, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பல்கலைக்கழக வளாகமும் அதே காலாப்பட்டில் இருப்பதால் குழப்பம் வருகிறது. பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நடத்தும் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. சட்டக் கல்லூரியின் பி.ஏ. எல்.எல்.பி.க்கு சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் மையச் சேர்க்கைக் குழு மூலம், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதற்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று இருந்துவிடக் கூடாது.

சென்டாக்கில் முதல் உரிமை புதுச்சேரி இருப்பிடத்தாருக்கு. தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்ததற்கான சான்று கேட்பார்கள். புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வீடு இருந்து, கடலூர் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இருப்பிடச் சான்றுதான் உயிர்நாடி. பள்ளிச் சான்று அதற்கு உதவாது. மாறாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரிப் பள்ளியில் படிப்பு என்றால், தினமும் எல்லை தாண்டிப் போனதாலேயே புதுச்சேரிக்காரர் ஆகிவிட முடியாது. கடலூர் மாணவர் அங்கே வெளிமாநில விண்ணப்பதாரர். அந்த ஆண்டுத் தகவல் ஏட்டில் வெளிமாநிலத்தாருக்கு இடம் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்தபின் பணம் கட்டுவது நல்லது.

சாதிச் சான்றும் அப்படித்தான். ஒரு பக்கம் வழங்கியது மறுபக்கம் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீடு ஒரு கணக்கு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதி 18 (அதில் அருந்ததியர் 3), பழங்குடி 1. புதுச்சேரியின் பட்டியலும் விகிதமும் வேறு. புதுச்சேரியில் படித்த கடலூர்ப் பிள்ளை தமிழ்நாட்டுக் கல்லூரிக்குப் போகும்போது, வட்டாட்சியர் தரும் பிறப்பிடச் சான்றை இ-சேவை மையத்தில் முன்னதாகவே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு வந்த வாரத்தில் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.

சாதாரணமாகத் தோன்றும் இன்னொரு தொல்லை, பெயர். மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றில் எழுத்து வேறு. கவுன்சலிங்கில் சமாளித்துவிடலாம். ஐந்தாண்டு கழித்து பார் கவுன்சில் பதிவின்போது இதுவே அஃபிடவிட், கெஜட் என்று இழுக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றையும் இப்போதே திருத்திக்கொள்வது மலிவு.

தமிழ்நாட்டுப் பக்கம்

கடலூர் மாணவருக்கு இயல்பான வாசல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். இதற்குள்ளே இரண்டு தனித்தனிக் கதவுகள் உண்டு. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி ஒன்று. அங்கே ஹானர்ஸ் படிப்புகள், பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. நான்கோடும் எல்.எல்.பி. உண்டு. குறைந்தபட்சத் தகுதியே 70 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60. இணைவு பெற்ற சட்டக் கல்லூரிகள் மற்றொன்று. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு வேறு. சீர்மிகு பள்ளிக்கு மட்டும் போட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் விழுப்புரம் தருவார்கள் என்று காத்திருப்பது வீண்.

அரசு சட்டக் கல்லூரிகளில் கடலூருக்கு அருகில் இருப்பது விழுப்புரம், 2017இல் தொடங்கியது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாகத் தினமும் போய்வரக்கூடிய தூரம். ரயிலும் அதே வழிதான். அதற்கு முன் இந்த மாவட்டப் பிள்ளைகள் செங்கல்பட்டுக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய் விடுதியில் தங்க வேண்டியிருந்தது. புதிய கல்லூரி, பெயர் இல்லை என்று சிலர் தயங்குகிறார்கள். பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை. மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யப் போகிறவருக்குக் கல்லூரிப் பெயரைவிட, படிக்கும்போதே மாலையில் ஒரு சீனியரின் அலுவலகத்துக்குப் போய்வர முடிகிறதா என்பது முக்கியம். கடலூரில் வீட்டிலிருந்து படிப்பவருக்கு அது முடியும்.

அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆயிரங்களில் அடங்கும். தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு லட்சங்கள். தனியாரில் சேரும் முன் கேட்க வேண்டியது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இந்த ஆண்டு பார் கவுன்சில் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்பதுதான். பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருப்பது வேறு, சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் ஒப்புதல் இருப்பது வேறு. கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பு தந்த தரத்தை மட்டும் காட்டிப் பேசுபவரிடம் பார் கவுன்சில் கடிதத்தைக் கேளுங்கள்.

டிசம்பரில் மூடும் கதவு

மே மாதம் முடிவு வந்தபின் யோசிக்கத் தொடங்குபவர்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களை ஏற்கெனவே இழந்திருப்பார்கள். அவற்றுக்கான கிளாட் தேர்வு சில ஆண்டுகளாக டிசம்பர் முதல் ஞாயிறன்று நடக்கிறது. பதிவு அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கி, தேர்வுக்குச் சில வாரம் முன்பு முடிந்துவிடும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக் காலம் அது. பள்ளியில் யாரும் நினைவூட்டுவதில்லை. விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500 என்று இருந்துவருகிறது. இதைப் பார்த்தே பலர் பின்வாங்குகிறார்கள். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் இல்லை, அதற்கு ஐலெட் என்ற தனித் தேர்வு. நமக்கு அருகில் இருப்பது திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். அதற்கு கிளாட்தான், தமிழ்நாட்டு மாணவருக்கு ஒதுக்கீடும் உண்டு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தையும் இதையும் ஒன்றென்று நினைப்பவர் அதிகம். இரண்டுக்கும் நிர்வாகம், கட்டணம், சேர்க்கை எதுவும் ஒன்றில்லை.

கிளாட்டில் 120 கேள்வி, 2 மணி நேரம். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு, நான்கு தவறு ஒரு சரியைத் தின்றுவிடும். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டப் பகுத்தறிவு, தர்க்கம், கொஞ்சம் கணக்கு. எல்லாமே ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்வது. கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால், பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள்தான். தமிழ்வழியில் படித்தவர் தோற்பது சட்டத்தில் அல்ல, படிக்கும் வேகத்தில். பதினோராம் வகுப்பிலிருந்து தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தை நேரம் குறித்துப் படித்துவருவது, பயிற்சி மையத்துக்குக் கொட்டும் பணத்தைவிட அதிகம் உதவும்.

சட்டப் பகுத்தறிவு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு மாதிரி. பத்தி இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: ஒருவர் தன் நிலத்தில் தேக்கிவைத்த ஆபத்தான பொருள் வெளியேறி அடுத்தவருக்குக் கேடு செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு, கேட்டுக்கு இயற்கைப் பேரிடர் மட்டுமே காரணம் என்றால் பொறுப்பில்லை. சம்பவம்: இறால் பண்ணைக் குட்டையின் கரையில் ஏற்கெனவே விரிசல். புயல் மழையில் கரை உடைந்து உப்புநீர் பக்கத்து நெல்வயலில் பாய்கிறது. பண்ணைக்காரர் பொறுப்பா? புயலைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர் ‘இல்லை’ என்பார். விடை ‘ஆம்’. பேரிடர் ‘மட்டுமே’ காரணமாக இருந்தால்தான் விலக்கு. இங்கே விரிசலும் சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே கொஞ்சம் சட்டம் படித்தவர் தவறுவது வேறு இடத்தில்: அபாயத் தொழிற்சாலைக்கு எந்த விலக்கும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவுக்கு வர, அதைக் காரணமாகச் சொல்லும் விடையைக் குறித்துவிடுவார். பத்தியில் இல்லாத சட்டத்தை விடைக்குள் கொண்டுவரக் கூடாது. சரியான முடிவுக்குத் தவறான காரணம் சொல்லும் விடைகளும் அங்கே அடுக்கியிருக்கும்.

உள்ளே போனபின்

ஐந்தாண்டுப் படிப்பின் தொடக்கத்தில் அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, ஆங்கிலம் கூடுதலாக இருக்கும். சட்டத் தாள்கள் போகப்போகத் தடிக்கும். ஒப்பந்தம், தீங்கியல், அரசமைப்பு, குடும்பச் சட்டம், சொத்துரிமை மாற்றம், குற்றவியல், உரிமையியல் நடைமுறை, சாட்சியம் என்று கட்டாயத் தாள்கள் போகும். வருகைப்பதிவு ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் என்பது விதி. ஒரே நேரத்தில் இரண்டு முழுநேரப் படிப்பில் பெயர் கொடுப்பதும் விதிக்கு மாறு.

சீனியர்களிடமிருந்து வாங்கும் பழைய நோட்ஸ் இப்போது ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்திலும் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறைக்கு வந்தன. 511 பிரிவு இருந்த தண்டனைச் சட்டம் 358 ஆனது. கொலைக்கு 302 என்று தெருவில் போகிறவரும் சொல்வார். இப்போது தண்டனை 103இல் இருக்கிறது. மோசடிக்காரரை ‘420’ என்று திட்டுவது மட்டும் மாறாது, பிரிவு 318(4) ஆகிவிட்டது. ஆனால் பழைய புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட முடியாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டு ஓடும். இப்போது படிப்பவர்கள் இரண்டு எண்ணையும் தலையில் சுமக்க வேண்டிய தலைமுறை.

செய்முறைத் தாள்கள் நான்கு: மனு, ஆவண வரைவு, தொழில் நெறி, நீதிமன்றத்துக்கு வெளியே மாற்றுத் தீர்வு, மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றம். கடைசித் தாளின் நூறு மதிப்பெண்ணில் மாதிரி வழக்காடலுக்கு 30, ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்து எழுதும் பதிவேட்டுக்கு 30, கட்சிக்காரரை விசாரித்து வழக்குத் தயாரிப்பதைக் கவனிப்பதற்கு 30, வாய்மொழிக்கு 10. பெரும்பாலோர் விசாரணைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி ஒப்பேற்றுகிறார்கள். அது நஷ்டம். கடலூர் நீதிமன்ற வளாகத்துக்குக் காலை பத்தரைக்குப் போய், வாய்தா வாங்கும் வழக்குகள் முடிந்து சாட்சி ஏறும்வரை உட்கார்ந்தால் தெரியும். சிவில் வழக்கை முதலிலிருந்து முடிவுவரை பார்க்க ஆசைப்படாதீர்கள், அது வருடக்கணக்கு. சாட்சி விசாரணைக்கு வந்துவிட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்கையோ விபத்து இழப்பீட்டு வழக்கையோ பிடித்துக்கொண்டு, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, ஆவணம் குறியீடு செய்வது மூன்றையும் பாருங்கள். வாதி ஆவணம் ஏ (A) வரிசை, பிரதிவாதி ஆவணம் பி (B) வரிசை. கிரிமினலில் அரசுத் தரப்பு ஆவணம் பி-1 (P-1) என்று இன்னொரு ‘பி’யில் ஓடும். இரண்டு ‘பி’யையும் குழப்பாமல் எழுதிவிட்டாலே அந்தப் பதிவேடு நேரில் பார்த்து எழுதியது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இன்டர்ன்ஷிப் ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டில் 12 வாரம். பெரிய பெயருள்ள சென்னை அலுவலகத்தில் ஒரு மாதம் ஃபைல் தூக்குவதைவிட, முதல் முறைக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் ஊர் வக்கீல் அலுவலகமும் மேல். குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம்: கோர்ட் ஃபீ ஸ்டாம்பு கணக்கு, மனு எந்தக் கவுன்டரில், திருப்பி அனுப்பிய மனுவில் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்பது.

மூன்று மொழிகளின் தொல்லை

உயர் நீதிமன்றத்தின் மொழி அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலம். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி பேசுவதும் தீர்ப்புகள் பலவும் தமிழ். ஆங்கிலவழிப் பிள்ளைக்கு ‘வழக்குமூலம்’, ‘எதிருரை’, ‘தீர்ப்பாணை’, ‘உறுத்துக்கட்டளை’ என்றால் புரியாது. தமிழ்வழிப் பிள்ளைக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஓடாது. உரிமையியல் நீதிபதி பதவிக்கான முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கே ஒரு தாள் உண்டு. ஆங்கிலத்தில் சாட்சியச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவரும் ஒரு கிரயப் பத்திரத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாமல் தடுமாறுவார். வீட்டில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்து, நான்கெல்லை விவரத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்; “இதற்குள்பட்ட” என்ற சொல்லிலேயே நின்றுவிடுவீர்கள்.

புதுச்சேரியில் தொழில் செய்பவருக்கு மூன்றாவதாகப் பிரெஞ்சு எட்டிப் பார்க்கும். நடைமுறையில் 1954 நவம்பர் 1இல் கைமாறி, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16இல் இணைந்த நிலப்பகுதி இது. இந்தியச் சட்டங்கள் அதன்பின் படிப்படியாகத்தான் நீட்டிக்கப்பட்டன. பழைய சொத்து ஆவணங்கள் பல பிரெஞ்சில் இருக்கின்றன. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களின் திருமணம், வாரிசுரிமை வழக்குகள் இன்றும் வருகின்றன. அங்கே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் வாய்தாவிலேயே தெரிந்துவிடும். புதுச்சேரிப் பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்த பிள்ளைகள் அதை மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். சட்டம் படிப்பதானால் அது ஒரு தொழில் கருவி.

பட்டம் கைக்கு வந்தபின்

பதிவுக் கட்டணமாக மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்ததை 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பதிவு செய்து இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும்: 100 கேள்வி, தவறுக்குக் கழிவு இல்லை. தமிழிலும் எழுதலாம். குறிப்பெழுதாத பேர் ஆக்ட், அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம், உள்ளே கொண்டுபோகலாம். தேர்ச்சி பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40. புத்தகம் கையில் இருக்கிறதே என்று படிக்காமல் போனவர்கள் பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைக்கிறார்கள். எந்தச் சட்டத்தில் தேடுவது என்று தெரிந்தால்தான் புத்தகம் உதவும்.

கல்லூரி முடித்த கையோடு நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்ற பழைய திட்டமும் இனி நடக்காது. 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை மீட்டுக் கொண்டுவந்தது. பார் தேர்வில் தேறும் முன் செய்யும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த மூன்று ஆண்டு எண்ணப்படும். ஐந்தாண்டுப் படிப்பை 23 வயதில் முடிப்பவர் நீதிபதித் தேர்வுக்கு உட்காரும்போது 26. இடையில் அந்த மூன்று ஆண்டை எப்படி ஓட்டுவது என்பதைக் குடும்பத்தோடு இப்போதே பேசிக்கொள்ள வேண்டும். புதுச்சேரி தொடர்பான ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதையடுத்து, 2024 ஜூனில் நம் பார் கவுன்சில் ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று குறித்துச் சுற்றறிக்கை விட்டது. மாவட்ட அலுவலகங்களில் அது முழுதாகக் கைக்கு வரும் என்று நம்பி வங்கிக் கடன் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்து என்றால் மஞ்சக்குப்பத்திலேயே அந்த மூன்று ஆண்டை ஓட்டிவிடலாம். சென்னையில் அறை எடுத்தால் முடியாது.